வாளின் நீளம்

கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் வாளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். உறையிலிருந்து உருவியிருக்கிறோம், மின்னலைப் போலச் சுழற்றியிருக்கிறோம், பகைவன் மார்பில் பாய்ச்சி அத்தியாயத்தை முடித்து, 'தொடரும்' போட்டிருக்கிறோம். அந்த வாள் எத்தனை அங்குல நீளம் என்று இதுவரை எந்த வாசகரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்போம்.

தமிழில் இன்னொரு வாள் இருக்கிறது. மரம் அறுக்கிற வாள். ஈர்வாள் என்றால் வயதானவர்களுக்கு ஞாபகம் வரும். பள்ளம் தோண்டி, அதன்மேல் கட்டையைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று பொழுது சாய்கிற வரையில் இழுத்து இழுத்து அறுப்பார்களே, அது. அந்த வாளின் நீளம் அதைப் பிடிக்கிறவனுக்கு விரல் நுனியில் இருக்கும். தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு கிடையாது. இப்போது ஈர்வாளின் இடத்தில் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் வந்து உட்கார்ந்துவிட்டது. கிராமத்தில் அதற்குப் பெயர் 'மெஷின்'. நெல் அரைப்பதும் மெஷின்தான், துணி தைப்பதும் மெஷின்தான். எந்த மெஷின் என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியது.

இந்த மெஷினுடைய நாக்கு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொல்லையில் ஒரு முருங்கையைத் தவிர வேறு மரம் இல்லாதவர்கள் இதைப் படித்து என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். கொலை செய்யும் உத்தேசம் இல்லாதவர்கள்தானே துப்பறியும் நாவல்களை விழுந்து விழுந்து படிக்கிறார்கள்?

மெஷினைக் கிட்டப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு மொபெட் என்ஜின் அளவுக்கு ஒரு சின்ன என்ஜின். அதிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான எஃகுப் பட்டை. இதைத்தான் 'பார்' என்கிறார்கள். பாரின் விளிம்பு நெடுக ஒரு காடி. அந்தக் காடியில் பல் வைத்த சங்கிலி, சைக்கிள் செயின் மாதிரி, விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் சுற்றி வருகிறது. அறுப்பது சங்கிலி, பார் அதற்கு ரஸ்தா. ரஸ்தா எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம்தான் ஊர்வலம் போகும். 24 அங்குலப் பார் என்று சொன்னால், அந்த இரும்பின் மொத்த நீளம் என்று நினைத்துக் கொள்ளக் கூடாது. கொஞ்சம் மெஷினுக்குள்ளேயே மறைந்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டு, வெட்டுக்கு உதவுகிற நீளம் ஏறக்குறைய எவ்வளவோ, அதுதான் அதன் பேர்.

இது உருவான கதை சுவாரஸ்யமானது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் என்பவர் 1926-ஆம் வருஷம் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். காட்டுக்குள் மின்சாரத்துக்கு எங்கே போவது? ஆகவே 1929-ல் பெட்ரோலில் ஓடுவதாக இன்னொன்றைச் செய்தார். இரண்டையுமே தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஈர்வாளுக்கு ஆன அதே இரண்டு ஆள்! சங்கிலியின் பல்லும் அப்போது பழைய கைவாளின் பல்லைப் பார்த்துச் செய்ததுதான். மரத்தைச் சுரண்டும், அடிக்கடி மழுங்கும். 1946-ல் அமெரிக்காவில் ஆரெகன் மாகாணத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு அடிக்கட்டையில் இருந்த வண்டுப் புழுவை உற்றுப் பார்த்தார். விரல் பருமனுள்ள அந்தப் புழு, கெட்டி மரத்தை வெண்ணெயாகத் தின்றுகொண்டு போனது. எப்படி என்று பார்த்தால், அதற்கு இரண்டு தாடை. இடப்புறம் ஒரு கடி, வலப்புறம் ஒரு கடி. அவர் வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து அதே மாதிரி இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வருகிற சங்கிலியைச் செய்தார். இன்றைக்கு உலகத்தில் ஓடுகிற சங்கிலியெல்லாம் அந்தப் புழுவின் வம்சம். மரத்தைத் தின்னும் வித்தையைப் புழுவிடம் கற்றுக்கொண்டதற்கு அதற்கு யாரும் ராயல்டி கொடுத்ததாகத் தெரியவில்லை. எழுத்தாளனுக்கு இந்த இடத்தில் ஒரு சகோதர பாவம் தோன்றுவது இயற்கை.

இனி, எனக்கு இவ்வளவும் எப்படித் தெரிய வந்தது என்பதற்கு வருகிறேன்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையேறிற்று. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் என் அக்கா இருக்கிறாள். அவளுடைய தென்னந்தோப்பு ஒரே இரவில் தரையோடு போய்விட்டது. நான் போய்ப் பார்த்தபோது தோப்பு இருந்த இடத்தில் வானம்தான் இருந்தது. மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்து, யாரோ படுக்க வைத்த மாதிரி படுத்திருந்தன. அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "குடி தம்பி, இனிமே கெடைக்காது" என்றாள்.

கொல்லையில் ஒரே ஒரு மரம் நின்றது. புளியமரம். அத்தானுடைய பாட்டனார் காலத்து மரம். நின்றது என்றால் சரியாக நிற்கவில்லை. கிழக்குப் பக்கத்து வேர்கள் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு சாண் எழும்பியிருக்க, மேற்கே சாய்ந்திருந்தது. மேற்கே வேலிக்கு அப்பால் ஒரு ஓட்டு வீடு. அதில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி தனியாக இருந்தாள். மரத்தின் பாதிக் கிளைகள் அவள் கூரைக்கு மேல்தான் இருந்தன. இன்னொரு மழை பெய்து மண் இளகினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பாட்டியைத் தவிர.

"நான் வாக்கப்பட்டு வந்தப்பவே நின்ன மரம். எம்மேல விழுமா அது?" என்றாள்.

அக்காவுக்குத் துக்கம் வேறு விதமாக இருந்தது. "எல்லாத்தையும் புயல் சாச்சுது. நின்ன ஒண்ணை நாமளே சாய்க்கணுமா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவளே, "ஆளைக் கூப்பிடுங்க" என்றாள்.

ஆள் கிடைப்பதா சுலபம்? அந்த மாதம் ஜில்லா முழுவதும் மெஷின் சத்தம்தான். எங்கெங்கிருந்தோ வந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லி வைத்துப் பதினைந்து நாள் கழித்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. கூட ஒரு பையன், இரண்டு மெஷின், ஒரு சாக்கு நிறைய ஆப்புகள், கயிறு, கப்பி, கோடரி. சின்ன மெஷினில் 16 அங்குலப் பார். அது கிளை கழிக்க. பெரியது 70 சி.சி. என்ஜின், அதில் 24 அங்குலப் பார்.

என் அக்கா மகன் என்ஜினீயரிங் படித்தவன். ஆள் வருவதற்கு முன்பே ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய், மார்பு உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்துவிட்டிருந்தான். 9 அடி. அதாவது 108 அங்குலம். அதை 7-ஆல் பெருக்கி 22-ஆல் வகுத்தால் குறுக்களவு 34 அங்குலத்துக்குச் சற்று மேலே வருகிறது. மரத்தின் குறுக்களவைவிடப் பார் 2 அங்குலமாவது அதிகம் இருக்க வேண்டும் என்பது புத்தகத்தில் உள்ள சூத்திரம். தப்பான சூத்திரம் என்று சொல்ல முடியாது. 34-உம் 2-உம் 36. அவன் போனிலேயே விசாரித்து, 36 அங்குலப் பார் ஒன்றை வெளியூரிலிருந்து வரவழைக்கப் பணமும் கட்டிவிட்டான். புயல் அடித்த ஊருக்குப் பார்சல் எப்போது வரும் என்று சொல்வாரில்லை.

"அண்ணே, பெரிய பார் வந்துக்கிட்டிருக்கு. ரெண்டு நாள் பொறுங்க. இந்தச் சின்னதை வச்சுக்கிட்டு இந்த மரத்துல கைய வைக்க வேணாம்" என்றான்.

அவர் பதில் சொல்லாமல் மரத்தடிக்குப் போனார். துண்டை எடுத்துத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றினார். துண்டு போதவில்லை, கயிற்றால் சுற்றினார். முழம் போட்டுப் பார்த்துவிட்டு, "நீங்களே அளந்து பாருங்க தம்பி" என்றார். 11 அடி.

புளியமரத்தைப் பார்த்திருப்பீர்கள். யானைக் காலைப் போல அடியில் அகன்று, வேர்ப் புறமெல்லாம் வரப்பு வரப்பாகப் புடைத்திருக்கும். காட்டிலாகாக்காரர்கள் மரத்தை மார்பு உயரத்தில் அளக்கிறார்கள். அவர்கள் அளப்பது கணக்கு எழுதுவதற்கு. அறுக்கிறவன் அறுக்கப் போகிற இடத்தில் அளக்க வேண்டும். 11 அடி என்றால் 132 அங்குலம், குறுக்களவு 42. சூத்திரப்படி 44 அங்குலப் பார் வேண்டும். பணம் கட்டிய 36 அங்குலப் பார் வருவதற்கு முன்பே சின்னதாகிவிட்டது.

மருமகன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கிற பிள்ளையா? "அப்படின்னா இருபத்தி நாலு மட்டும் எப்படிண்ணே போதும்?" என்று மடக்கினான்.

"நாப்பத்தி ரெண்டுல பாதி எவ்வளவு தம்பி?"

"இருபத்தி ஒண்ணு."

"பாதியும் கொஞ்சமும். அவ்வளவுதான். இந்தப் பக்கமிருந்து பாதி, அந்தப் பக்கமிருந்து பாதி. கொஞ்சம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறணும், நடுவுல அறுபடாம நிக்கக் கூடாது. அதுக்கு மூணு அங்குலம் கையில இருக்கு."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. நான் கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டேன். பிற்பாடு விசாரித்ததில், பாதிக்கும் எட்டாத ராட்சத மரங்களுக்கும் ஒரு வழி உண்டு என்று தெரிந்தது. மரம் விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் வெட்டுவார்கள் அல்லவா, அந்த வாயின் நடுவிலே பாரின் நுனியைச் செருகி, உள்ளே இருக்கிற வைரத்தை அறுத்துவிட்டு, அப்புறம் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறார்களாம். கை தேர்ந்தவர்கள் செய்கிற வேலை.

மருமகன் சினிமாவில் பார்த்திருந்தான். அமெரிக்காவில் ஆள் உயரம் பார் வைத்துக்கொண்டு மரத்தை வீழ்த்துகிறார்களே என்றான். வாஸ்தவம்தான். ஆரெகன், வாஷிங்டன் மாகாணங்களில் வெட்டுகிறவர்களுக்கு 32, 36 அங்குலப் பார் என்பது சர்வசாதாரணம். அங்கே மலைச்சரிவு, மரத்தைச் சுற்றி வர இடமிராது, ஒரே பக்கத்தில் நின்று முடித்தாக வேண்டும். மரமும் டக்லஸ் ஃபர் போன்ற ஊசியிலை மரம்; நம் புளியோடு பார்த்தால் மெத்து. அதே ஊசியிலை மரங்களை வெட்டுகிற ஸ்வீடன்காரர்கள் 13 அங்குலம், 15 அங்குலம் என்று வைத்துக்கொண்டு காரியத்தை முடிக்கிறார்கள். அவர்கள் மரம் சின்னது. கிளை கழிக்கிற வேலை ஜாஸ்தி. இருவரும் தங்கள் காட்டைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

புளியின் வைரத்தைத் தெரியாதவர்கள் கறிக்கடைக்குப் போய் அடிக்கட்டையைப் பார்க்கலாம். வருஷக்கணக்கில் கத்தி விழுந்தும் பிளக்காமல் உட்கார்ந்திருக்கும். அப்பேர்ப்பட்ட மரத்துக்குள் 36 அங்குலச் சங்கிலியை இழுக்க 70 சி.சி. என்ஜினுக்கு மூச்சு இருக்காது, 90 சி.சி.க்கு மேல் வேண்டும். அதன் எடை வேறு. பார் நீள நீள முன்பாரம், மணிக்கட்டு சொல்லும். சங்கிலிக்கு எண்ணெய் ஊட்டுகிற சின்ன பம்ப் ஒன்று மெஷினுக்குள் இருக்கிறது. அதன் எண்ணெய் நுனி வரை போய்ச் சேராவிட்டால் பார் காய்ந்து நீலம் பாரிக்கும். பிறகு சாணை. அவர் மெஷினில் இருந்த சங்கிலியின் பற்களை அன்று மாலை உட்கார்ந்து எண்ணினேன்: இடப்பல் 21, வலப்பல் 21. ஒவ்வொன்றையும் வட்ட அரத்தால் ஒரே கோணத்தில் மூன்று இழுப்பு இழுத்துக் கூர் ஏற்றினார். 36 அங்குலச் சங்கிலியானால் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டுப் பல். ஒரு பக்கத்துப் பல் கூராகவும் மறுபக்கத்துப் பல் மொட்டையாகவும் இருந்தால் வெட்டு நேரே போகாமல் வளைந்துகொண்டு போகும். நீளமான பாரில் அந்த வளைவும் நீளம்.

இத்தனை நியாயங்களையும் அவர் இப்படி அடுக்கிச் சொல்லவில்லை. அடுக்கியது நான். அவர் சொன்னது வேறு.

அரத்தை வைத்துவிட்டுச் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றினார். இடது தோள்பட்டை எலும்பிலிருந்து மார்பு வரைக்கும் ஒரு தழும்பு. உழுத சால் மாதிரி இருந்தது.

"மேற்கே ஒரு எஸ்டேட்டுல சில்வர் ஓக் வெட்டினோம் தம்பி. இத்தனூண்டு மரம். எம் மெஷின் ரிப்பேரு. இன்னொருத்தர் மெஷினைக் குடுத்தாங்க, முப்பது அங்குலம். அறுக்கிறேன். நுனி மரத்தைத் தாண்டி அந்தாண்டை போயிடிச்சு. அந்தாண்டை புதருக்குள்ள என்ன இருந்திச்சுன்னு எனக்குத் தெரியல. இன்னி வரைக்கும் தெரியாது. கல்லோ, கட்டையோ. தொட்டிச்சு. அவ்வளவுதான், மெஷின் என் முகத்தைப் பாக்கத் திரும்பிடிச்சு."

பார் நுனியின் மேல் கால்பாகம்தான் எமன். அந்த வளைவில் சங்கிலி முன்னோக்கிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே ஏதாவது தட்டினால் சங்கிலி முன்னே போக முடியாமல், பார் மேலேயும் பின்னேயும் எகிறும். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. இப்போதைய மெஷின்களில் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. அது தள்ளப்பட்டதும் சங்கிலி நின்றுவிடும். எல்லாச் சமயத்திலும் அதை நம்பிக்கொண்டு இருக்க முடியாது. தேவைக்கு மேல் நீளமான பார் என்றால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நுனியை உலாவ விடுவது என்று அர்த்தம். நானாகச் சொல்லவில்லை. அந்தத் தழும்பு சொல்லிற்று.

"நுனி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும் தம்பி. அந்த அளவுக்குத்தான் நான் பார் போடுவேன்" என்று பொத்தானைப் போட்டுக்கொண்டார். மருமகன் அதற்கப்புறம் அவரோடு வாதாடவில்லை. அரத்தை வாங்கிக்கொண்டு பத்துப் பல்லுக்கு அவனே கூர் ஏற்றினான்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் கிளை கழிப்பதிலேயே போயிற்று. பையன் இடுப்பில் கயிற்றோடு ஏறி, பாட்டி கூரையின் மேல் நீண்ட கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டிக் கட்டி இறக்கினான். ஒரு ஓடு உடைந்தது. அதற்குப் பாட்டி ஒரு மணி நேரம் பேசினாள். அவளை எழுப்பி அக்கா வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவருவது, கிளையை இறக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வந்தவள் அந்த 24 அங்குலத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உன் வாள் சின்னதா இருக்கே?" என்றாள்.

"உன் அருவாமணையைவிடப் பெரிசு ஆத்தா" என்றார் அவர்.

மூன்றாம் நாள் காலை. மேற்கே சாய்ந்த மரத்தை வடக்கே, தோப்பு இருந்த வெற்றிடத்தில் விழ வைக்க வேண்டும். வடக்கே, மரத்தின் உயரத்தையும் தாண்டித் தள்ளி ஒரு பனை நின்றது. புயலுக்கு அசையாத பனை. அதன் அடியில் கப்பியும் செயின் பிளாக்கும் கட்டி மரத்தின் கழுத்துக்கு ஒரு கயிறு. கிழக்கே கிணற்றடிப் பூவரசிலிருந்து, மேற்கே புரளாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கயிறு.

அவர் கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். வயதான புளிக்கு வயிற்றில் பொந்து இருக்கும். பிறகு பாரின் நுனியைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு இடத்தில் கொஞ்சம் செருகி இழுத்தார். வெளியே வந்ததை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சீவல் சீவலாக வந்தால் உயிருள்ள மரம். ஈரப் பொடியாக வந்தால் உளுத்தது. சீவல்தான் வந்தது. அறுக்கப் போகிற இடத்தில் பட்டையைக் கோடரியால் செதுக்கி எறிந்தார். புயல் காற்று பட்டை இடுக்கிலெல்லாம் மணலை ஏற்றியிருந்தது. மணல் சங்கிலிக்கு விஷம்.

அப்புறம் மெஷினைக் கிளப்பினார். வடக்குப் பக்கத்தில் வாய் வெட்டினார். குறுக்களவில் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு, 9 அங்குல ஆழம் இருக்கும். தர்பூசணித் துண்டு மாதிரி ஒரு ஆப்பு மரம் வெளியே விழுந்தது. உள்ளே வைரம் கறுஞ்சிவப்பாக இருந்தது. அக்கா உள்ளே போய்விட்டாள்.

பின் வெட்டுக்கு முன்னால் அவர் சுண்ணாம்புக் கட்டியால் மரத்தில் ஒரு கோடு போட்டார். வாய்க்கும் பின் வெட்டுக்கும் நடுவே, இந்தக் கோடு வரைக்கும் அறுக்காமல் விட வேண்டியது. நாலு அங்குலக் கனம், குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு. அதுதான் கீல். மரம் கதவு மாதிரி அந்தக் கீலில் திரும்பி, அது இழுக்கிற பக்கம்தான் விழும். கோட்டைக் கிழக்கே மட்டும் சற்று அகலமாகப் போட்டார். மரம் மேற்கே சாய்கிறது. ஆகவே அதைக் கிழக்கேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கத்து நாரில் இரண்டு விரற்கடை ஜாஸ்தி.

முதலில் மேற்குப் பக்கத்திலிருந்து உள்ளே போனார். பார் முழுவதும் மரத்துக்குள் மறைந்தது. நுனி நடுமரத்தைத் தாண்டி மூன்று அங்குலம் போயிருக்கும். அதற்கு மேல் போக அதில் இரும்பு கிடையாது. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற கவலையே இல்லை, மரம்தான் இருக்கிறது. கோடு வந்ததும் நிறுத்தி, பையன் கையிலிருந்து கருவேலங்கட்டை ஆப்பை வாங்கி வெட்டுக்குள் அடித்தார். இரும்பு ஆப்பு அவரிடம் கிடையாது. சங்கிலி பட்டால் பல் போய்விடும். கிழக்கே வந்தார். மறுபடி பார் மறைந்தது. உள்ளே எங்கோ இரண்டு வெட்டும் சந்தித்தபோது என்ஜினின் சுருதி ஒரு கணம் மாறிற்று. எனக்கே கேட்டது.

மெஷினை அணைத்தார். மரம் நின்றது. ஒரு பறவைச் சத்தம் கேட்கவில்லை. பனையடியில் நின்ற நாலு பேர் செயின் பிளாக்கை இழுத்தார்கள். அவர் ஆப்புகளின் மேல் கோடரியின் பின்புறத்தால் மாறி மாறி அடித்தார். பத்து அடி, பதினைந்து அடி. பின் வெட்டு ஒரு நூல் கனம் திறந்தது. அப்புறம் ஒரு விரல் கனம். 'டப்' என்று அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். அவர் கோடரியைப் போட்டுவிட்டு, முன்பே கல் முள் இல்லாமல் பெருக்கி வைத்திருந்த பாதையில், பின்புறமாகச் சாய்ந்த கோணத்தில் நடந்தார். ஓடவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அது மேற்கே ஒரு முறை தலையை ஆட்டிற்று. கிழக்குக் கயிறு வீணைத் தந்தி மாதிரி முறுகிற்று. பாட்டி, "முருகா!" என்றாள். பிறகு மெதுவாக, எழுந்திருக்கிற வயதானவர் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்காருவது மாதிரி, வடக்கே திரும்பி விழுந்தது. நிலம் அதிர்ந்து திண்ணையில் இருந்த சொம்பு உருண்டது.

அடிக்கட்டையில் போய்ப் பார்த்தேன். கிழக்கே அகலமாக விட்ட கீலிலிருந்து முழ நீளத்துக்கு நார் பிய்ந்து நின்றது. மேற்கே சுத்தமாக முறிந்திருந்தது. நடுவில் இரண்டு வெட்டும் சந்தித்த இடத்தில் ஒரு நூல் அளவு படி இருந்தது. அவர் அதைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, "ஒரு நூல் ஏறிடுச்சு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

அக்கா வெளியே வந்து, கட்டையின் மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பாட்டி தன் வீட்டுக்குப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒரே வெய்யிலா இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அந்த 36 அங்குலப் பார் ஒன்பது நாள் கழித்துப் பார்சலில் வந்தது. மருமகன் பிரித்துப் பார்த்தான். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. மரவெட்டி கூலி பாக்கி வாங்க வந்தபோது அவரிடம் கொடுத்து, வைத்துக்கொள்ளச் சொன்னான். அவர் அதைத் தம் மெஷினில் வைத்துப் பார்த்தார். போல்ட்டுக்கான துளை சேரவில்லை. எண்ணெய் வருகிற ஓட்டையும் வேறு இடத்தில் இருந்தது. இந்தப் பொருத்தங்களையும் காடியின் அகலத்தையும் பார்த்துத்தான் பார் வாங்க வேண்டுமாம். "நல்ல இரும்பு" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

வாங்கிய இடத்தில் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். அக்கா அதைத் தொழுவத்துச் சுவரில் இரண்டு ஆணிகளுக்குக் குறுக்கே வைத்து, துண்டு காயப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நீளம் போதுமானதாக இருக்கிறது என்கிறாள்.